எதற்காக அந்த நாணலைச் சிரைத்தீர்கள்?

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய நம் ஃபீனிக்ஸ் ஓடையில் சனிக்கிழமை நடந்ததை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. படம் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. மண் அள்ளும் டிஎல்பி வண்டி இறங்கி அரை நாளில் நாணல், சம்பு, இரண்டு உம்டோனி மரம் எல்லாவற்றையும் வேரோடு வாரிவிட்டது. அந்தப் படத்துக்குக் கீழே "சூப்பர், ஏரியா கிளீன்" என்று வரிசையாகக் கைதட்டல். அடுத்து கரைக்குக் கான்கிரீட் கேட்டு மனு கொடுக்கப் போகிறார்களாம்.

இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

நாணல் குப்பை இல்லை. ஃபீனிக்ஸ் முழுக்க மேடும் பள்ளமும். மழைத்தண்ணீர் கூரையிலும் தார் ரோட்டிலும் வழுக்கிக்கொண்டு ஓடைக்கு வரும்போது அதன் வேகத்தைக் குறைப்பது அந்தத் தண்டுகள். கரையை இறுக்கிப் பிடிப்பது அந்த வேர்கள். சதுப்பு நிலம் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். கான்கிரீட் எதையும் வாங்கி வைக்காது. வந்த தண்ணீரை இன்னும் வேகமாகக் கீழே இருப்பவர் வீட்டுக்குத் தள்ளும். அவரும் நம்மைப் போல வாழ்நாள் முழுக்கக் கடன் கட்டி வீடு வாங்கியவர்தான்.

"2022 மழைக்கு உங்கள் நாணல் என்ன செய்திருக்கும் ஆன்ட்டி?" என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதியதற்கு ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அந்த ஏப்ரலில் டர்பன் பக்கம் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 400 பேருக்கு மேல் செத்தார்கள். அதை நாணல் மட்டும் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவே இல்லை. கான்கிரீட் தடுத்ததா? டர்பனுக்குத் தெற்கே உம்லாஸ் ஆற்றை எத்தனையோ வருஷத்துக்கு முன்பே கால்வாய் கட்டித் திருப்பிவிட்டார்கள். அப்படியிருந்தும் அங்கே புரொஸ்பெக்டன் தொழிற்பேட்டை முங்கியது, டொயோட்டா தொழிற்சாலை மாதக்கணக்கில் ஓடவில்லை. முன்பெல்லாம் 40 வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடிய அப்படிப்பட்ட மழை, பூமி சூடானதால் இப்போது 20 வருஷத்துக்கு ஒருமுறை வரலாம் என்று விஞ்ஞானிகள் அந்த வருஷமே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அடுத்தது வரும். அப்போது அந்தக் கரையில் நிற்க ஒரு வேர்கூட இருக்காது.

நாணல் இருந்தால் பாம்பு வருகிறதாம். வரட்டும், நம் வீட்டு எலியைத் தின்றுவிட்டுப் போகட்டும்.

திருடன் ஒளிகிறான் என்பது வேறு பேச்சு. அதை நான் லேசாக எடுக்கமாட்டேன். என் தங்கை மகள் அந்தப் பாதையில்தான் கைப்பையைப் பறிகொடுத்தாள், ஒரு மாதம் தனியாக வெளியே போகவில்லை. அதற்குப் பாதையோரம் மட்டும் வெட்டுங்கள், விளக்குப் போடுங்கள். இதே டர்பனில் 'சிஹ்லன்சிம்வேலோ' திட்டத்தில் அந்தந்த ஏரியா ஆட்களே கூட்டுறவாகச் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு, ஓடைகளில் குப்பை அள்ளி அந்நியச் செடியைக் களைகிறார்கள். வெருலத்துக்குப் பக்கத்தில் பஃபல்ஸ்டிராயில் குப்பைமேட்டைச் சுற்றியிருந்த கரும்புக் காட்டில் 2008-லிருந்து நாட்டு மரங்களை நட்டு வளர்த்திருக்கிறார்கள். கன்று வளர்த்துக் கொடுத்தவர்கள் பக்கத்து ஊர் ஏழைகள். கன்றுக்குப் பதிலாக மளிகைச் சாமானும் பள்ளிக்கூடச் செலவும் வாங்கிக்கொண்டார்கள். மரத்தைப் பேசினால் மனுஷனை மறந்துவிட்டேன் என்கிறீர்களே, இவர்கள் மனுஷர்கள் இல்லையா?

"நீங்களே கூழ் ஊற்றும்போது சிரிங்கா மரக் கொப்பு ஒடிக்கத்தானே ஓடைக்குப் போகிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், போகிறேன். இங்கே வேப்பிலைக்குப் பதில் நம் ஆயாமார் அதைத்தான் மாரியம்மனுக்குக் கட்டினார்கள், நானும் கட்டுகிறேன். ஆனால் அது இந்த மண்ணின் மரம் இல்லை. ஓடைக்கரையை அடைத்துக்கொண்டு மற்றதை வளரவிடாது. அதை எடுப்பதாக இருந்தால் நானே அரிவாளோடு வந்திருப்பேன். சனிக்கிழமை சிரிங்காவை அப்படியே நிற்க விட்டுவிட்டு, இந்த மண்ணின் மரமான உம்டோனியைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். நம் நாவலுக்குப் பங்காளி அது. நாக்கு ஊதாவாகும்வரை அதன் பழம் தின்று வளர்ந்த பிள்ளைகள்தானே நாம்? ஒருவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே.

எல்லாவற்றையும்விட, "மரம், ஓடை எல்லாம் வெள்ளைக்காரர் கவலை, நமக்கெதற்கு" என்றது சுட்டது.

நமக்கெதற்கா? உம்கேனி ஆற்றங்கரையில் ஸ்பிரிங்ஃபீல்டில் காய்கறி போட்டுப் பிழைத்தவர்கள் யார், நம் இந்தியக் குடும்பங்கள்தானே? 1917 அக்டோபரில் ஆறு பொங்கியபோது படவத்தான் குடும்பத்தாரும் கூட்டாளிகளுமாக ஆறு பேர், வலை வீசும் மீன்காரர்கள், படகை இறக்கி 170-க்கும் மேற்பட்டவர்களைக் கரைசேர்த்தார்களே, அவர்கள் நம்மவர்கள் இல்லையா? 1976-ல் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த தகர வீட்டுக் குடியிருப்பு, டின் டவுன், முங்கியபோது எனக்கு ஆறு வயது. அம்மா தையல் மெஷினைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். தண்ணீர் மேசையையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. நனைந்த பாவாடையோடு ஃபீனிக்ஸுக்கு வந்து இறங்கிய குடும்பம் எங்களுடையது. அம்மா சாகும்வரை மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். தண்ணீருக்கு இடம் விடாத ஊரில் முதலில் முங்குவது யார் வீடு என்று எங்களிடம் கேளுங்கள்.

"உங்கள் வீடு மேட்டில் இருக்கிறது, சும்மா பேசுகிறீர்கள்" என்கிறீர்கள். மேட்டில்தான் இருக்கிறது. அம்மா பள்ளத்தில் வீடு வேண்டவே வேண்டாம் என்று அழுததால் அப்பா மேட்டில் வாங்கினார்.

இதையெல்லாம் தெரு வாட்ஸ்அப் குழுவில்தான் முதலில் எழுதினேன். பத்து நிமிஷத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். முப்பது வருஷமாக ஒரே தெரு. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் அண்டா தூக்கியவள் நான். கான்கிரீட் மனுவில் கையெழுத்து வாங்க எல்லா வீட்டுக்கும் போகிறீர்களாம், என் வீட்டுக் கேட்டைத் தாண்டிப் போய்விடாதீர்கள். உள்ளே வாருங்கள், உட்காருங்கள். கையெழுத்துப் போடமாட்டேன். ஆனால் என்னைப் பார்த்துக் கேளுங்கள்.