கிருஷ்ணகிரியில் சாப்பிட வண்டியை நிறுத்துகிறவர்கள்

பிரபலமானவர்களைப் பார்க்கக் கிருஷ்ணகிரிக்காரர்கள் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. சாலையே அவர்களைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையும், பெங்களூரிலிருந்து தருமபுரி, சேலம் வழியாகக் கன்னியாகுமரி வரை இறங்கும் 44ஆம் எண் சாலையும் எங்கள் ஊரில்தான் கூடுகின்றன. காலையில் சென்னையை விட்டுப் புறப்பட்ட கார் சாப்பாட்டு நேரத்துக்கு இங்கே வந்துவிடும். நடிகரானாலும் அமைச்சரானாலும் அந்த நேரத்தில் பசிக்கத்தான் செய்யும். நெடுஞ்சாலையோரச் சைவ உணவகம் ஒன்றின் கல்லாவில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் இதைப் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. கேமரா வைத்த கைப்பேசி வந்த பிறகு நாம் பிரபலங்களைச் சந்திப்பதையே விட்டுவிட்டோம்.

சென்ற கோடையில் குணச்சித்திர நடிகர் ஒருவர் வந்திருந்தார். அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. பின்னூட்டத்தில் கேட்டாலும் சொல்லமாட்டேன். சாம்பாரும் ரசமும் முடிந்து, மோருக்குச் சோறு வாங்கிப் பிசையத் தொடங்கியிருந்தார். அடுத்த மேசையிலிருந்து எழுந்து வந்த ஒருவர், ஒரு வார்த்தையும் கேட்காமல் தம் பெண்குழந்தையை அவர் மடியில் உட்கார வைத்துவிட்டுக் கைப்பேசியை நீட்டினார். குழந்தை போட்டிருந்தது புதுப் பட்டுப்பாவாடை. அதில் எச்சில் பட்டுவிடக் கூடாதென்று அந்தப் பெரியவர் மோர்ச்சோறு ஒட்டிய வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடக்கையால் குழந்தையை அணைத்தபடி சிரித்தார். படம் எடுத்து முடிப்பதற்குள் இன்னும் நான்கு குடும்பங்கள் எழுந்து வந்துவிட்டன. தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. விரல்களில் சோறு காய்ந்துபோனது. கடைசியில் இலையை மூடிவிட்டு எழுந்தார். பணம் கொடுக்க வந்தபோது, “சாப்பாடு நல்லா இருந்ததுங்க” என்று வேறு சொன்னார். நான் பில்லை வாங்கிக் குத்தூசியில் குத்திவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

இத்தனை பேரில் ஒருவர்கூட அவர் நடித்த ஒரு காட்சியைப் பற்றியோ ஒரு வசனத்தைப் பற்றியோ அவரிடம் பேசவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. முன்பு கையெழுத்து வாங்குகிற காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. நோட்டையோ பத்து ரூபாய்த் தாளையோ நீட்டினால், பேனாவைத் திறந்துகொண்டே “உங்க பேரு?” என்று அவர்கள் கேட்பார்கள். பெயரைச் சொன்னால் எந்த ஊர் என்பார்கள். பாலக்கோடு என்றால் சர்க்கரை ஆலையைப் பற்றியும், ஒகேனக்கல் பக்கம் என்றால் தண்ணீர் எவ்வளவு விழுகிறது என்றும் இரண்டு வார்த்தை பேச்சு நடக்கும். புகழுள்ளவர் புகழில்லாதவரின் பெயரைக் கேட்டே ஆகவேண்டிய கட்டாயம் அந்தக் கையெழுத்தில் இருந்தது. தற்படத்தில் அது கிடையாது. இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதுகூட இல்லை. இருவருமே கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பிரிந்து போகிறார்கள்.

“நம் காசில் வளர்ந்தவர்கள்தானே, ஒரு படம் எடுத்தால் தேய்ந்தா போவார்கள்?” என்று எங்கள் ஊரில் சிலர் கேட்பதுண்டு. இந்த வாதம் எனக்குச் சரியாகப் படவில்லை. டிக்கெட்டுக்குக் கொடுத்த காசுக்குப் படம் பார்த்துவிட்டோம். கணக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. என்னிடம் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தவர் நான் வீட்டில் சாப்பிடும்போது வந்து என் இலைக்கு முன்னால் நின்றால் நான் ஒப்புக்கொள்வேனா?

அதற்காக யாரும் கிட்டேயே போகக் கூடாது என்று சொல்லவரவில்லை. காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்துப் பாட்டி ஒருவர், தொலைக்காட்சித் தொடரில் வரும் நடிகை ஒருவரைக் கை கழுவும் இடத்தில் பார்த்துவிட்டு, “ஏம்மா சாமி, இப்படி எளச்சுட்டே, அந்த வீட்ல சோறு போடறாங்களா இல்லியா?” என்று தொடரின் மாமியாரைத் திட்டத் தொடங்கிவிட்டார். அந்த நடிகை முகம் துடைத்த கைக்குட்டையோடு நின்று, விழுந்து விழுந்து சிரித்தார். கதையையும் வாழ்க்கையையும் பாட்டி குழப்பிக்கொண்டார் என்று படித்தவர்கள் கேலி செய்யலாம். என் கண்ணுக்கு, அந்த மதியம் நடிகையோடு உண்மையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

முகத்துக்கு மட்டும்தான் புகழ் என்பதும் இல்லை. தருமபுரி வானொலி நிலையத்து அறிவிப்பாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் வேலை செய்பவர்களும் தறியில் உட்கார்ந்திருப்பவர்களும் நாள் முழுக்க அவர்கள் குரலைக் கேட்கிறார்கள். தெருவில் எதிரே வந்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது. உழவர் சந்தையில் ஒருவர் “கத்தரிக்காய் கிலோ எவ்வளவுங்க?” என்று கேட்கவும், தராசில் எடைக்கல் வைத்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே, “ரேடியோவுல பேசறவங்கதானே நீங்க?” என்று கேட்டதை நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதன்பிறகு நடந்த பேச்சு முழுக்கக் கத்தரிக்காயில் விழும் பூச்சியைப் பற்றியது. இரண்டு பேருக்கும் அதில் நிறைவுதான்.

சந்தித்தோம் என்று தெரியாமலே சந்தித்தவர்களின் கணக்கைத்தான் யாரும் எழுதுவதில்லை. ரஜினிகாந்தின் முன்னோர் ஊராகச் சொல்லப்படும் நாச்சிக்குப்பம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1975இல் அவருடைய முதல் படம் வருவதற்கு முன்பு அவர் பெங்களூரு நகரப் பேருந்தில் நடத்துநர். அந்த நாளில் இங்கிருந்து கூலி வேலைக்கும் ஆலை வேலைக்கும் பெங்களூருக்குப் போனவர்களில் எத்தனை பேர் அவர் கையால் டிக்கெட் வாங்கியிருப்பார்கள், சில்லறைக்காக எத்தனை பேர் சண்டை போட்டிருப்பார்கள்! அவர்களிடம் ஒரு படமும் இல்லை. அந்தச் சண்டைக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் தருமபுரியில் நடந்திருக்கிறது. 1908இல் வ.உ.சி.யோடு கைதான சுப்பிரமணிய சிவா சிறையில் தொழுநோயை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அந்த நோயைக் காரணம் காட்டி அரசு அவரை ரயிலில் ஏறவிடவில்லை. புண்ணான கால்களோடு ஊர் ஊராக நடந்தார். கடைசியில் பாப்பாரப்பட்டியில் தங்கி, 1925 ஜூலை 23 அன்று அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு நாற்பது வயதுதான். அவர் பெயரைக் கேட்டிருந்தவர்கள் நாடெங்கும் இருந்தார்கள், முகத்தைப் படத்தில் பார்த்தவர்களோ மிகவும் குறைவு. பென்னாகரம் சாலையில் எதிரே வந்தவர்களுக்கு அவர் துணி சுற்றிய காலோடு நடக்கும் நோயாளி ஒருவராகவே தெரிந்திருப்பார். வழிவிட்டு ஒதுங்கியவர்களும் இருந்திருப்பார்கள், தண்ணீர் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். கொடுத்தவர்கள் இன்னாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்திருக்கத் தேவையில்லை.

எங்கள் கடையில் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். யாராக இருந்தாலும் இலையை மூடிக் கை கழுவி வரும்வரை கைப்பேசியோடு பக்கத்தில் போகக் கூடாது. போகிறவர்களைச் சப்ளையர்கள் தன்மையாகத் தடுத்துவிடுவார்கள். கை கழுவி வந்த பிறகு கேட்டுப் பார்க்கலாம், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். இதனால் இரண்டொரு வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனதும் உண்டு, போகட்டும். சப்ளையர்களுக்கு மட்டும் ஒரு சலுகை கொடுத்திருக்கிறேன்: பரிமாறும்போது அவர்கள் பேசலாம். “இன்னும் கொஞ்சம் பொரியல் வைக்கட்டுங்களா?” என்று தொடங்கிய பேச்சுக்கு இதுவரை எந்தப் பிரபலமும் முகம் சுளித்ததில்லை.