டம்போவும்தான் வாய் திறக்கவில்லை!
டிஸ்னியின் பழைய படங்களில் ஒரு வார்த்தைகூடப் பேசாத முக்கியப் பாத்திரம் 1937-ல் வந்த 'ஸ்னோ ஒயிட்' படத்தின் டோப்பி மட்டும்தான் என்கிறது இங்கே வந்திருக்கும் கட்டுரை. டம்போவை எப்படி மறந்தீர்கள்? டோப்பி ஏழு குள்ளர்களில் ஒருவன், அவ்வளவுதான். 1941-ல் வந்த 'டம்போ'வில் அந்த யானைக்குட்டிதான் கதாநாயகன், ஆனாலும் 64 நிமிடப் படத்தில் அதற்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. விக்கும், அழும், பறக்கும். பேச்செல்லாம் டிமோத்தி எலியார் பார்த்துக்கொள்கிறார். அம்மா யானையும் அப்படித்தான். படம் முழுக்க ஒரே ஒரு தடவை, குட்டியின் பெயரைச் சொல்லத்தான் வாய் திறக்கிறாள். அந்தப் பெயரும் டம்போ இல்லை, ஜம்போ ஜூனியர்! குட்டியின் பெரிய காதைப் பார்த்துவிட்டு மற்ற யானைகள் கேலியாக வைத்த பெயர்தான் டம்போ. அப்புறம், எனக்கு முன்னால் கருத்துச் சொன்ன ஒருவர் டோப்பிக்குப் பேச்சே வராது என்று எழுதியிருக்கிறார். அதுவும் சரியில்லை. ஸ்னோ ஒயிட் இதையே கேட்கும்போது, அவனுக்கே தெரியாது, அவன் முயன்று பார்த்ததே இல்லை என்றுதான் பதில் வரும். என் மகளோடு 'டம்போ' பார்த்தபோது, படம் முடிந்து சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் "அப்பா, அது பேசவே இல்லையே" என்றாள். அதுவரை எனக்கும் உறைக்கவில்லை.