ஹெரால்டா, ஸ்டாண்டர்டு 2000-ஆ? என் ஓட்டு ஹெரால்டுக்குத்தான்

காரைக்குடி பக்கம் பழைய கார்னு பேச்செடுத்தாலே அம்பாசிடர்ல ஆரம்பிச்சு அம்பாசிடர்லயே முடிச்சிடுறாங்க. நம்ம மெட்ராஸ்ல, வண்டலூர்ல செஞ்ச ஸ்டாண்டர்டு கம்பெனி வண்டிய பத்தி யாரும் வாயத் திறக்கறதில்ல, அந்த ஆதங்கத்துலதான் இந்தப் பதிவு. ஒரே கம்பெனி, ரெண்டு காலம். 1961ல வந்த ஹெரால்டு, 1985ல வந்த ஸ்டாண்டர்டு 2000.

ஹெரால்டுக்கு வெறும் 948 சிசி தான். இங்கிலாந்து ட்ரையம்ப் கம்பெனி வண்டி, இத்தாலிக்காரர் மிச்செலோட்டி வரைஞ்சது. அது பானெட்ட தூக்கிப் பாத்திருக்கீங்களா? ரெண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேந்து மூஞ்சி மொத்தமும் முன்னாடி சாஞ்சுடும். கானாடுகாத்தான்ல ஒரு வீட்டுப் பின்கட்டுல மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் வேலை பாத்தத நின்னு பாத்தேன், முன் டயரு மேலயே உக்காந்துக்கிட்டு, டீ கிளாஸ பக்கத்துல வச்சுட்டு, கார்புரேட்டர் ஸ்க்ரூவ கொஞ்சங் கொஞ்சமா திருகுறாரு, காதக் கொடுத்துக் கேக்குறாரு, மறுபடி திருகுறாரு, சத்தம் சீரானப்புறம்தான் டீயவே தொட்டாரு. குனியவே இல்ல மனுஷன்!

அது மட்டுமா, 25 அடி வட்டத்துக்குள்ள திரும்பிடும். முன்வாசல் ஒரு தெரு பின்வாசல் அடுத்த தெருன்னு வீடு ஓடுற ஊர்ல, அந்தப் பின்தெருவுல வண்டி எடுக்குறவங்களுக்குத் தெரியும் இதோட அருமை. முதல்ல 2 கதவுதான், ஆச்சிமாருங்க பின்சீட்டுக்கு மடங்கி ஏறணும். அப்புறம் இங்க உள்ள குடும்பங்களுக்காகவே 4 கதவு வச்சாங்க, இங்கிலாந்து ஹெரால்டுல கூட அது கிடையாது. குறை இல்லாம இல்ல, வேகமா வளைவுல போனா பின்சக்கரம் உள்ள மடங்கப் பாக்கும், பதனமாத்தான் ஓட்டணும்.

2000-க்கு வர்றேன். அழகுன்னா அதுதான் அழகு, நான் மறுக்கவே மாட்டேன். இங்கிலாந்து ரோவர் கம்பெனியோட எஸ்டி1 காரு உடம்பு, ஐரோப்பாவுல 1977க்கான சிறந்த காருன்னு பேரு வாங்கினது. அங்க அதுக்கு 3.5 லிட்டர் வி8, அதாவது 8 சிலிண்டர் இன்ஜின். இங்க என்ன பண்ணாங்க, ஸ்டாண்டர்டோட பழைய வான்கார்டு காரு காலத்து 4 சிலிண்டர் இன்ஜின தூசி தட்டி 2 லிட்டர்னு மாட்டிட்டாங்க, அவ்வளவு பெரிய உடம்ப 83 குதிரைத்திறன் இழுக்கணும், பெட்ரோலும் குடிக்கும் வேகமும் வராது. மாருதி வந்து சனங்களுக்கு ருசி காட்டின நேரம் வேற. 1988ல 2000 தயாரிப்பே முடிஞ்சுது. எனக்கு இன்னைக்கும் வயித்தெரிச்சலாத்தான் இருக்கு.

ஹெரால்டுல நம்ம தேவைய கேட்டு மாத்தினாங்க, 2000ல தோற்றத்த மட்டும் கொண்டாந்தாங்க. அதனாலதான் என் ஓட்டு ஹெரால்டுக்கு.

அதுக்காக 2000-அ காயலான் கடைக்குப் போடாதீங்க சாமி. கார் ஷெட்டுல அப்படி ஒண்ணு நின்னா முதல்ல மழைத்தண்ணி படாம பாத்துக்கங்க, கண்ணாடியையும் லைட்டையும் தனியா கழட்டி விக்காதீங்க, திரும்பக் கிடைக்காது. ஹெரால்டு வச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு டீசல் இன்ஜின் மாட்டாதீங்க, அந்த சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், தாங்காது.