நடாத செடியை எண்ணுங்கள்

நிலக்கரி தோண்டி முடித்த இடங்களைப் பற்றி யார் பேசினாலும் இரண்டு விஷயம் கட்டாயம் வரும். ஒன்று, நட்ட மரக்கன்றுகளின் எண்ணிக்கை. இன்னொன்று, செயற்கைக்கோள் படம்: முன்பு சாம்பல் நிறம், இப்போது பச்சை. இந்த இரண்டை மட்டும் வைத்து 'நிலம் மீண்டுவிட்டது' என்று கையெழுத்துப் போடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

செயற்கைக்கோளைக் குறை சொல்லவில்லை. இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதுதான் என்டிவிஐ என்ற பசுமைக் குறியீட்டு எண். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்கள் 1972லிருந்து இருக்கின்றன, 2008 முதல் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் பத்து மீட்டர் சதுரம் வரை பிரித்துப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான ஏக்கரை நடந்து பார்க்க முடியாத இடத்தில் இது பெரிய வரம்.

ஆனால் அந்த எண், பச்சை இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எது பச்சையாக இருக்கிறது என்று சொல்லாது. ஒரே களைச்செடி புதராக மண்டிக் கிடந்தாலும், முப்பது வகைச் செடி கலந்து வளர்ந்தாலும் மேலிருந்து கிட்டத்தட்ட ஒரே எண் வந்துவிடலாம்.

எது பச்சை என்று தெரிய வேண்டுமென்றால் தரையில் குனிய வேண்டும். ஒரு மீட்டர் சதுரக் கம்பிச் சட்டகத்தை மண்மேல் வைத்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கும் வேலை அது. நட்ட கன்று ஒன்று இருக்கும், சுற்றிலும் விதைத்த புல் இருக்கும். அந்தப் புல்லை விலக்கும்போது, இரண்டே இலையோடு யாரும் நடாத ஒரு முளை தென்பட்டால், அதுதான் செய்தி. காற்றோ பறவையோ விதையைக் கொண்டுவந்திருக்கிறது, மண்ணும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. நட்ட நூறு கன்று பிழைத்ததைவிட இந்த ஒரு முளை எனக்குப் பெரிது. நட்டது பிழைக்கத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள், உரம் போட்டிருப்பார்கள். இதற்கு யாரும் எதுவும் செய்யவில்லை.

அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைப்பகுதியில் நடந்ததைப் பாருங்கள். 1977ல் சுரங்க நில மீட்புச் சட்டம் வந்தது. மண் சரியக்கூடாது என்று புல்டோசரை ஓட்டி ஓட்டி நிலத்தை இறுக்கினார்கள், வேகமாகப் பரவும் புல்லை விதைத்தார்கள். மலை பச்சையானது. மரம் மட்டும் வரவில்லை. இறுகிய மண்ணுக்குள் வேரும் இறங்காது, மழைநீரும் இறங்காது. புல் வேறு வெளிச்சத்தையும் ஈரத்தையும் பிடுங்கிக்கொண்டது. நாலடி ஆழத்துக்காவது மண்ணைத் தளர்வாக விடுங்கள், புல்லை மட்டாக விதையுங்கள் என்ற முறையை 2004க்குப் பிறகுதான் அங்கே பரவலாக முன்னெடுத்தார்கள். ஒரு இரும்புக் கம்பியைக் கையால் அழுத்திப் பார்த்தாலே மண் இறுகியிருப்பது தெரிந்துவிடும்!

அமிலம் இன்னொரு தலைவலி. நிலக்கரியோடு வெளியே வரும் பாறையில் பைரைட் என்ற, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருந்தால், காற்றும் தண்ணீரும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகும். முதல் சில வருடம் நன்றாக இருந்த இடம் பிறகு திட்டுத் திட்டாக மொட்டையாவது இதனாலும்தான். முதல் இரண்டு வருடப் படத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்று நான் சொல்வதும் இதற்காகத்தான்.

அந்த அமெரிக்கச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. மீட்ட நிலத்தின் செடிகொடிகளுக்குச் சுரங்க நிறுவனம் பொறுப்பேற்க வேண்டிய காலம் ஐந்து வருடம், மழை குறைந்த பகுதியில் பத்து வருடம். அதைக் கன்று நட்ட நாளிலிருந்து எண்ணுவதில்லை. கூடுதலாக விதைத்தது, உரமிட்டது, நீர் பாய்ச்சியது எல்லாம் நின்ற பிறகுதான் கணக்கு தொடங்கும். நிலம் தன் காலில் நிற்கிறதா என்று பார்க்கிற விதி இது. காடு வளரப் பத்து வருடம்கூடப் போதாது என்பது என் எண்ணம், ஆனால் எண்ணத் தொடங்கும் இடம் சரியானது.

அதே இடம், அதே பருவம், வருடம் தவறாமல் போய் எண்ண வேண்டும். பக்கத்தில் தோண்டாத நிலம் இருந்தால் அங்கேயும் அதே சட்டகத்தை வைத்து ஒப்பிட வேண்டும். செடிகளின் பெயரோடு அந்தப் பட்டியலைப் பொதுவில் வைக்க வேண்டும். அதில் 'தானாக முளைத்தவை' என்று தனியாக ஒரு பத்தி வேண்டும். முதல் சில வருடம் அந்தப் பத்தி காலியாக இருந்தாலும் பரவாயில்லை, காலியாக இருக்கிறது என்றே எழுதுங்கள்.