ராடாரின் உயரமும் எட்டும் தூரமும்: ஒரு திருத்தம்

பாய்மரப் படகில் ராடாரைப் பின்தளக் கம்பத்தில் வைக்காமல் பாய்மரத்தின் உச்சியில் பொருத்தினால் அது பார்க்கும் தூரம் இருமடங்காகும் என்று ஒரு கருத்து உண்டு. கணக்கின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டதால் வந்த பிழை இது. ராடாரின் அடிவானம், அதாவது கடல்மட்டத்தில் அது எட்டும் தூரம், அதன் உயரத்தை மீட்டரில் எடுத்து, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை ஏறத்தாழ 2.2ஆல் பெருக்கினால் கிடைக்கும் கடல் மைல்கள். ஆகவே பின்தளக் கம்பத்தில் 4 மீட்டர் உயரத்தில் 4.4, பாய்மர உச்சியில் 16 மீட்டரில் 8.8. ஆனால் எதிரே வரும் கப்பலுக்கும் உயரம் உண்டு. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள டோவர் நீரிணையில் நாம் அஞ்ச வேண்டிய சரக்குக் கப்பலின் மேற்கட்டு 25 மீட்டர் உயரம் என்றால், அதன் பங்காக 11 கடல் மைல் சேர்கிறது. எனவே உண்மையான ஒப்பீடு 15.4க்கும் 19.8க்கும் இடையில்தான்.

அந்தச் சிறு ஆதாயத்துக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. உச்சியில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் படகின் சாய்வைக் கூட்டுகிறது. கடல் அலைகளின் எதிரொலி திரையில் பெருகுகிறது. கதிரின் செங்குத்து அகலம் 25 பாகை என்று கொண்டால், 16 மீட்டர் உயரத்திலிருந்து படகைச் சுற்றி ஏறத்தாழ 70 மீட்டருக்குள் இருப்பவை முதன்மைக் கதிருக்குக் கீழே போய்விடுகின்றன. மூடுபனியில் மிதவையையும் சிறு மீன்பிடிப் படகையும் தேடுபவருக்கு அந்த இடம்தான் முக்கியம்.

படகு 20 பாகை சாய்ந்து ஓடும்போது, கதிர் ஒரு பக்கம் வானத்தையும் மறுபக்கம் நீரையும் நோக்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம். சாய்வை ஈடுகட்டும் தாங்கியோடு பின்தளக் கம்பத்தில் பொருத்துவதையே நான் பரிந்துரைப்பேன்.