எங்கள் எந்திரத்தின் லாக்கை நாங்கள் படிக்கக் கூடாதாம்

எம்ஆர்ஐ எந்திரம் நின்றுபோனதில் எனக்குக் கோபமில்லை. எந்திரம் என்றால் என்றைக்காவது நிற்கத்தான் செய்யும். ஏன் நின்றது என்பதை விநாடிக் கணக்கோடு ‘லாக்’ என்ற பதிவேட்டில் தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொண்டு, விலை கொடுத்து வாங்கிய மருத்துவமனைக்கு மட்டும் அதைக் காட்ட மறுக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல்.

இரண்டு வாரமாக, இரண்டு மூன்று நாளுக்கொரு முறை, காலையில் கன்சோலைத் திறந்தால் ஒரே வாசகம்: ‘சிஸ்டம் தயாராக இல்லை, சேவைப் பிரிவைத் தொடர்பு கொள்ளவும்.’ முதல் பேருந்தில் வந்து, தாலிக்கொடி முதற்கொண்டு கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, கவுன் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளிடம் நான் என்ன காரணம் சொல்வது? லாக் என்ற பொத்தான் திரையில் இருக்கத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் கடவுச்சொல்லும், டாங்கிள் என்ற செருகு சாவியும் கேட்கிறது. இரண்டும் நிறுவனத்தின் பொறியாளரிடம் மட்டுமே இருக்கும்.

தொலைபேசியில் வந்த ஆலோசனையோ, ‘ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்’ என்பதுதான். லாக்கைப் படிக்கத் தெரிந்தவர்கள் எப்படித்தான் இதைச் சொல்கிறார்களோ! ஒரு கோளாறில் முதலில் பதிவான பிழைதான் முக்கியம். அதன் பிறகு வருவனவெல்லாம் பெரும்பாலும் அதன் விளைவுகள். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் அந்த முதல் வரியின் மேல் ஆயிரக்கணக்கான தொடக்க வரிகளைக் கொட்டி மூடுகிறது. கோப்பு நிரம்பிவிட்டால் பழையது அழிந்தே போகிறது. மூன்றாவது முறை அழைத்தபோது, படமெடுக்க உதவும் காந்தச் சுருள்களுக்கு மின்சாரம் தரும் கிரேடியன்ட் ஆம்ப்ளிஃபயரின் போர்டு போயிருக்கலாம் என்று சொல்லி, லாக்கைத் திறந்தே பார்க்காமல் விலைப்புள்ளியும் அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் பொறியாளர் வந்தார், டாங்கிளைச் செருகினார். கோளாறு வந்த நாள்களிலெல்லாம் ‘நீர் ஓட்டம் இல்லை’, அடுத்து ‘ஆம்ப்ளிஃபயர் நிறுத்தம்’, அதற்கடுத்து ‘ஹீலியம் கம்ப்ரசர் நிறுத்தம்’ என்று வரிசை கலையாமல் கிடந்தது. நேரம் 20:40 என்றிருந்ததால், ‘இரவு எட்டு நாற்பதுக்கு என்ன செய்தீர்கள்?’ என்று எங்களையே குறுக்கு விசாரணை செய்தார். எந்திரத்தின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, அதனோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும் என்பதை நான்தான் எடுத்துச் சொன்னேன். கூட்டினால் அதிகாலை 2:10. மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது, எந்திரத்துக்குக் குளிர்நீர் அனுப்பும் சில்லரின் பம்ப் தானாக ஓடத் தொடங்கவில்லை. ஆறு மணிக்கு வரும் எலக்ட்ரீஷியன் அதைத் தட்டிவிட்டு, வழக்கம்தானே என்று யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறார். காந்தத்தை 4 கெல்வின் (சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) அளவில் வைத்திருக்கும் ஹீலியத்தை ஆவியாகாமல் காக்கும் கம்ப்ரசர், அந்தத் தண்ணீர் வராமல் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் நின்று கிடந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஆன நேரம் பத்து நிமிடம்கூட இல்லை. பாதுகாப்பு, வணிக ரகசியம் என்றெல்லாம் நிறுவனங்கள் சொல்லும் காரணங்களை நானும் கேட்டிருக்கிறேன். காந்தப்புலத்தை மாற்றவா அனுமதி கேட்டேன்? தண்ணீர் ஓடியதா என்று படிக்கத்தானே கேட்டேன்! மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பதற்காக அவற்றின் மென்பொருள் பூட்டைத் திறப்பதற்கு, அமெரிக்காவின் பதிப்புரிமை விதிகளிலேயே 2021ஆம் ஆண்டு விலக்கு கொடுத்துவிட்டார்கள். இங்கே எங்களுக்குக் கிடைத்தது ஒரு பில். சில்லர் பராமரிப்பு ஒப்பந்தத்தில் சேராதாம். ஆகவே வருகைக் கட்டணம் தனியாம்.

டாங்கிளைப் பிடுங்கிய நொடியில் லாக் மறுபடியும் பூட்டிக்கொண்டது. இப்போது சில்லர் அறையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் பேனாவோடு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, இரவுப் பணியாளரை மணிக்கொரு முறை நீரின் வெப்பநிலையை எழுதச் சொல்லியிருக்கிறேன். கோடிக்கணக்கில் விலை போட்ட எந்திரத்துக்கு, நாங்கள் திறந்து படிக்கக்கூடிய லாக் இன்றைக்கு அது ஒன்றுதான்.