பணம் சரி, எந்த இடத்தில் கட்டுவது?
ஹையான் புயலுக்குப் பிறகு பிலிப்பைன்ஸில் பணத்தைக் கையில் கொடுத்திருந்தால் சனங்களே வீட்டைக் கட்டியிருப்பார்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பணம் வேண்டும்தான், ஆனால் எந்த இடத்தில் கட்டுவது? 2013 நவம்பரில் அந்தப் புயலில் அங்குள்ள டாக்லோபான் நகரின் கரையோரம் அழிந்ததும் கடலிலிருந்து 40 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்றது அரசு. மாற்று இடம் கிடைக்காமல் பலர் வருடக்கணக்கில் தற்காலிகக் குடிலிலேயே காலம் தள்ளினார்கள். எங்கள் பக்கமும் இதே கதைதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தபோது, ஸ்ரீவைகுண்டம் பக்கம் என் அத்தை வீட்டு மண்சுவர் இரண்டு நாள் ஊறியும் நின்றது. வெள்ளம் வடிந்து வெயில் அடித்த பிறகுதான் பொலபொலவென்று சரிந்தது. ரேஷன் கார்டுக்கு அரசு கொடுத்த 6000 ரூபாய் பாத்திரம், பாய், துணிமணி என்றே தீர்ந்துவிட்டது. அப்புறம் வீட்டுக்கு மனு எழுதப் போனால் பட்டா இன்னும் தாத்தா பெயரில்! வாரிசுகள் ஏழு பேர், அதில் இரண்டு பேர் பம்பாயில். பக்கத்து வீடு புறம்போக்கில் இருந்தது, அவர்களுக்கு அந்தக் காகிதமும் கிடையாது. நிவாரண முகாமில் அரிசி கொடுக்கும் அன்றைக்கே ஒரு மேசை போட்டு பட்டா மாற்றத்துக்கும் மனு வாங்குங்கள் என்றுதான் நான் கேட்பேன்.